நாவிஸ் ஹர்டிலில் பெட்டைக் குதிரையைக் கணிப்பது எப்படி

நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் கேர் ஹோம் வேலைக்கும் இங்கிலாந்து, அயர்லாந்து போனவர்கள் ஏராளம். அங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டால், குதிரைகள் தடுப்பு தாண்டி ஓடும் ஜம்ப் ரேஸ் பேச்சு காதில் விழாமல் இருக்காது. மார்ச் மாதம் செல்டென்ஹாம் குதிரைப் பந்தயத் திருவிழா வரும்போது, கூட வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கு 2 பவுண்டு போட்டு ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெயர் அழகாயிருக்கிறது, ஜாக்கியின் சட்டை நன்றாயிருக்கிறது என்று எடுப்பதைவிட, கொஞ்சம் பார்க்கத் தெரிந்து எடுக்கலாம். அப்படி அங்கே இருப்பவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

ஊரில் இருந்துகொண்டு பணம் வைக்க இதைப் பயன்படுத்த வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. வெளிநாட்டு புக்மேக்கருக்கு, அதாவது பந்தயப் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு, இங்கிருந்து பணம் அனுப்பவும் வழியில்லை. ரேஸைப் பார்ப்பதற்குத் தடை ஏதும் கிடையாது. குளிர்காலத்தில் அங்கே பகல் 1 மணி என்றால் இங்கே மாலை 6.30.

ஒரு சிறு ஏற்பாடு: எடையும் பவுண்டு, பணமும் பவுண்டு என்றால் குழப்பம் வரும். எனவே எடையை ராத்தல் என்றும் பணத்தைப் பவுண்டு என்றும் எழுதுகிறோம். 14 ராத்தல் ஒரு ஸ்டோன்.

ரேஸ் எப்படிப்பட்டது

ஹர்டில் என்பது மரச்சட்டத்தில் குச்சி பின்னிய தடுப்பு. உயரம் குறைந்தது 3 அடி 6 அங்குலம். குதிரை இடித்தால் சாயும். சேஸ் ரேஸில் வரும் வேலி 4 அடி 6 அங்குலம், அது சாயாது. ஹர்டில் ரேஸின் குறைந்தபட்ச தூரம் ஏறத்தாழ 2 மைல், அதில் பொதுவாக 8 தடுப்புகள் வரும். இந்தியக் கிளப்கள் நடத்துவது தாண்டல் இல்லாத ஃபிளாட் ரேஸ். கிண்டி, மைசூர் ரேஸ் பார்த்துப் பழகியவர்கள் அந்தக் கண்ணோடு வந்தால் வேகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஹர்டிலில் தாண்டல், தாங்கு சக்தி இரண்டுக்கும் பிறகு வேகத்துக்கு மூன்றாவது இடம்தான்.

நாவிஸ் என்றால் அந்த சீசன் தொடங்குவதற்கு முன் ஹர்டிலில் ஜெயிக்காத குதிரை. பிரிட்டனில் சீசன் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் மாறும். எனவே அக்டோபரில் முதல் ஹர்டிலை ஜெயித்த பெட்டை அடுத்த வசந்தம் வரை நாவிஸ்தான். நடுவில் மூன்று ரேஸ் ஜெயித்திருந்தாலும் நாவிஸ்தான். மெய்டன் ஹர்டில் வேறு: அதில் ஓடுவது ஹர்டிலில் இதுவரை ஜெயிக்காதவை மட்டும். அயர்லாந்தில் மெய்டன் அதிகம்.

4 வயது வரை ஃபில்லி, 5 முதல் மேர். பிறந்த நாள் எதுவானாலும் ஜனவரி 1 அன்று எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடும். மே மாதம் பிறந்த ஃபில்லி, பிப்ரவரியில் பிறந்ததோடு ஒரே வயதாக ஓடும். 3, 4 வயதில் அந்த மூன்று மாதம் உடம்பில் தெரியும். ஓடும் குதிரைகளின் விவரம் தரும் ரேஸ் கார்டில் பிறந்த தேதி இல்லாவிட்டாலும் குதிரையின் பக்கத்தைத் திறந்தால் கிடைக்கும். இளம் ஃபில்லியைப் பார்க்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

ஆண் குதிரைகளோடும் காயடித்தவற்றோடும் சேர்ந்து ஓடும் பொது ரேஸில், ஹேண்டிகேப் (திறனுக்கேற்ப எடை ஏற்றும் ரேஸ்) அல்லாத பெரும்பாலான ஜம்ப் ரேஸ்களில், பெட்டைக்கு 7 ராத்தல் எடை குறைத்துத் தருவார்கள். பெட்டைகளுக்கு மட்டுமான ரேஸில் அந்தச் சலுகைக்கு வேலையில்லை. கணிப்பின் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. பந்தயம் வைப்பவர்களில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

யாரோடு ஓடி வந்தது?

கார்டில் குதிரையின் பெயர் பக்கத்தில் 3-21 என்பதுபோல் எண்கள் இருக்கும். இடமிருந்து வலம் படிக்க வேண்டும். வலது ஓரத்தில் இருப்பது கடைசியாக ஓடியது. கோடு சீசனைப் பிரிக்கிறது. எஃப் என்றால் விழுந்தது, யு என்றால் ஜாக்கி விழுந்தார், பி என்றால் நடுவில் நிறுத்தப்பட்டது, ஆர் என்றால் தாண்ட மறுத்தது. இந்த எண்களில் 1 இருந்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தின் பணமும் அங்கேதான் போகும். அந்த 1 யாரை ஜெயித்து வந்தது என்பதுதான் உங்கள் வேலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தாண்டல் ரேஸில் ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரை நீளம், ஒரு ராத்தலுக்குச் சமம் என்பது வழக்கமான கணக்கு.

முதல் பெட்டை ஒரு பொது நாவிஸ் ஹர்டிலில் ஓடி இரண்டாவதாக வந்தது. ஜெயித்த ஆண் குதிரை 11 ஸ்டோன், இது 10 ஸ்டோன் 7 ராத்தல். இடைவெளி 3 லெங்த். ஜெயித்த குதிரைக்குப் பிறகு 120 ரேட்டிங், அதாவது திறனை ராத்தல் கணக்கில் குறிக்கும் எண், கிடைத்தது என்று வைப்போம். அதில் தோற்ற 3, சலுகையாகப் பெற்ற 7 இரண்டையும் கழித்தால் இந்தப் பெட்டை 110.

இரண்டாவது பெட்டை, பெட்டைகளுக்கு மட்டுமான மெய்டன் ஹர்டிலில் ஜெயித்தது. சம எடை, இடைவெளி 5 லெங்த். இரண்டாவதாக வந்தது 95 ரேட்டிங் உள்ள சாதாரணக் குதிரை. 95 கூட்டல் 5, ஆக 100.

இரண்டும் அடுத்த வாரம் ஒரே ரேஸில் சந்தித்தால் கார்டில் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 1. ஆனால் 2 வாங்கியது 10 ராத்தல் மேல். அதோடு விடவில்லை: ஜெயித்தவர்களுக்கு அடுத்த நாவிஸ் ரேஸில் தண்டனை எடை ஏற்றுவார்கள். எவ்வளவு என்பது ரேஸின் நிபந்தனையில் இருக்கும். அது 7 ராத்தலாக இருந்தால் இடைவெளி 17 ஆகிவிடும். அந்த நாளில் 1 வாங்கியது ஃபேவரைட்டாக, அதாவது கூட்டம் அதிகம் நம்பும் குதிரையாக, இருந்தால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த ரேஸ் அதுதான்.

இந்தக் கணக்கு பிசகும் இடங்கள் உண்டு. ஜெயித்த குதிரையைக் கடைசி ஐம்பது மீட்டரில் ஜாக்கி பிடித்து நிறுத்தியிருந்தால் 3 லெங்த் என்பது பொய். 20 லெங்த்துக்கு மேல் பின்தங்கியவற்றின் இடைவெளியையும் நம்ப வேண்டாம். தோற்றது உறுதியானதும் ஜாக்கி குதிரையை வருத்த மாட்டார். இரண்டாவதாக வந்த குதிரைக்கு ரேட்டிங் இன்னும் கிடைக்கவில்லை என்றால், அது அடுத்த ரேஸில் என்ன செய்தது என்று பாருங்கள். ஒரு ரேஸில் முதல் ஐந்தில் வந்தவை அதன்பின் ஓடி இரண்டு மூன்று ஜெயித்திருந்தால் அந்த ரேஸ் வலுவானது. ஐந்துமே அடுத்து ஓடித் தோற்றிருந்தால், அந்த ரேஸை எத்தனை லெங்த்தில் ஜெயித்திருந்தாலும் அதிகம் மதிக்க வேண்டாம்.

எந்த வழியாக ஹர்டிலுக்கு வந்தது

நாவிஸ் பெட்டைக்கு ஹர்டிலில் ஒன்றிரண்டு ஓட்டமே இருக்கும். சிலதுக்கு அதுவும் இராது. எனவே முன் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வழிகள் நான்கு.

பம்பர் என்று அழைக்கப்படும் ஃபிளாட் ரேஸ் ஜம்ப் குதிரைகளுக்காகவே நடப்பது. தாண்டல் கிடையாது, தூரம் பெரும்பாலும் 2 மைல். பெட்டைகள் பம்பர் பல மெதுவாகத் தொடங்கி, கடைசி இரண்டு ஃபர்லாங்கில் ஓட்டமாக முடியும். ஃபர்லாங் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு. அப்படி முடிந்த ரேஸில் ஜெயித்ததற்கு வேகம் உண்டு என்று மட்டும் தெரியும். தாங்கு சக்தி, தாண்டல் இரண்டும் தெரியாது. ஆண் குதிரைகளோடு பொது பம்பரில் மூன்றாவதாக வந்தது, பெட்டைகள் பம்பரில் ஜெயித்ததைவிட மேலாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

ஃபிளாட்டிலிருந்து வந்தது என்றால் ரேட்டிங் கையில் இருக்கிறது. ஒன்றரை மைலுக்கு மேல் ஓடிப் பழகியதா என்று பாருங்கள். ஒரு மைல் குதிரைக்கு 2 மைல் ஹர்டில் கடைசியில் மூச்சு வாங்கும், அதுவும் ஈரத்தரையில். இவ்வகை ஃபில்லிகளின் பலவீனம் அவசரம்: வாயைத் திறந்து கடிவாளத்தை இழுத்துக்கொண்டே ஓடி முதல் மைலிலேயே சக்தியைக் கரைத்துவிடும். கார்டில் எச் என்ற எழுத்து இருந்தால் காதை மூடும் ஹூட் போட்டிருக்கிறார்கள். முதல் தடவையாகப் போட்டால் எழுத்துக்குப் பக்கத்தில் 1 இருக்கும். டி என்பது நாக்குக் கட்டு.

அயர்லாந்தின் பாயின்ட்-டு-பாயின்ட் ரேஸ் வழியாக வருபவை பெரும்பாலும் 3 மைல் ஓடி, ஹர்டிலைவிட உயரமான வேலிகளைத் தாண்டி வந்தவை. தாண்டலில் பயமில்லை. ஹனிசக்கிள் இந்த வழியாக வந்த பெட்டைதான். 2021, 2022 இரண்டு வருடமும் செல்டென்ஹாமின் முக்கிய ஹர்டில் ரேஸான சாம்பியன் ஹர்டிலை ஜெயித்தது. ஆனால் 3 மைல் குதிரையை 2 மைல் ரேஸில், அதுவும் வேகமான தரையில் இறக்கினால் முதல் ஓட்டத்தில் பின்தங்கும். அதை மன்னித்துவிட்டு, அடுத்து இரண்டரை மைலில் ஓடும்போது மறுபடி பாருங்கள். கூட்டம் மறந்துபோயிருக்கும், நல்ல விலை (ஜெயித்தால் கிடைக்கும் லாப விகிதம்) அங்கே கிடைக்கும்.

பெயருக்குப் பின்னால் பிரான்ஸில் பிறந்ததன் குறி இருந்தால், அங்கே ஓடிய ரேஸ்களைத் தேடுங்கள். பிரான்ஸில் 3 வயதிலேயே தாண்டப் பழக்குவார்கள். பிரிட்டனில் முதல் ஓட்டம் என்று கார்டில் தெரிந்தாலும் அங்கே மூன்று நான்கு ஹர்டில் ஓடியிருக்கலாம். தாண்டல் அனுபவத்தில் மற்ற ஃபில்லிகளைவிட ஒரு வருடம் முன்னால் நிற்கும். ஆனால் வளர்ச்சி சீக்கிரம் முடிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வீடியோவில் தாண்டலைப் பார்ப்பது

முந்தைய ரேஸின் வீடியோ பெரும்பாலான புக்மேக்கர் தளங்களிலும் ரேஸிங் தளங்களிலும் கிடைக்கும். ஒருமுறை மொத்த ரேஸையும், மறுமுறை உங்கள் பெட்டையை மட்டும் பாருங்கள். ஜெயித்ததா என்று பார்க்க வேண்டாம், அதுதான் எழுதியிருக்கிறதே.

தடுப்புக்கு முன்னால் கடைசி மூன்று எட்டுகளை, அதாவது காலடிகளை, கவனியுங்கள். நல்ல தாண்டல்காரி எட்டைக் குறைக்காமல், கூட்டாமல் அதே ஓட்டத்தில் எழும்பும். இறங்கிய அடுத்த எட்டிலேயே ஓட்டம் தொடரும். தடுப்புக்கு மிக அருகே போய் நட்டமாக எழும்பினால் ஒவ்வொரு தடுப்பிலும் அரை லெங்த் முதல் ஒரு லெங்த் வரை போய்விடும். 8 தடுப்பில் அது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குறை பழக்கத்தில் சரியாகும். முதல் ரேஸில் முதல் நான்கு தடுப்பில் தடுமாறி, கடைசி நான்கை நன்றாகத் தாண்டிய பெட்டைக்கு அடுத்த ரேஸில் முன்னேற்றம் கிட்டத்தட்ட உறுதி. தலைகீழாக, தொடக்கத்தில் நன்றாகத் தாண்டி, களைத்தபின் தடுப்பில் இடித்தது என்றால் அது தாண்டல் குறையே அல்ல. தூரம் அல்லது தரை ஒத்துவரவில்லை.

பக்கவாட்டில் சாய்ந்து தாண்டுவது தனி விஷயம். இடதுபக்கம் சாய்ந்து தாண்டும் பெட்டை செல்டென்ஹாம், நியூபரி, வாரிக், செப்ஸ்டோ போன்ற இடச்சுற்று மைதானங்களில் ஒன்றும் இழக்காது. அதையே சாண்டவுன், அஸ்காட், கெம்ப்டன், எக்ஸீட்டர், லட்லோ போன்ற வலச்சுற்றில் ஓடவிட்டால் ஒவ்வொரு தாண்டலிலும் வெளியே போய்வரும். ஒரே குதிரை ஒரு மாதத்தில் ஜெயித்து அடுத்த மாதம் காரணமே இல்லாமல் தோற்றது போலத் தெரிந்தால், சுற்று மாறியதா என்று முதலில் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் பிற்பகலில் சூரியன் தாழ்ந்து ஜாக்கிகளின் கண்ணில் அடிக்கும். அப்போது சூரியனைப் பார்த்து ஓடும் நேர்க்கோட்டில் உள்ள தடுப்புகளை எடுத்துவிடுவார்கள். 8 தாண்டல் 5 ஆகலாம். நன்றாகத் தாண்டுவதுதான் உங்கள் பெட்டையின் பலம் என்றால் அன்று அந்தப் பலம் பாதி போச்சு. பம்பர் வேகக்காரிக்கு லாபம். இந்த அறிவிப்பு ரேஸ் தொடங்கும் சற்று நேரத்துக்கு முன்தான் வரும். காலையிலேயே பணம் வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடைசித் தடுப்பு வரை எதுவும் முடிந்ததல்ல. 2015 செல்டென்ஹாமில் கூட்டத்தின் பணம் ஏறியிருந்த ஆனி பவர் கடைசித் தடுப்பில் விழுந்தது. புக்மேக்கர்கள் அன்று பிழைத்தார்கள். 2025 சாம்பியன் ஹர்டிலில் கான்ஸ்டிடியூஷன் ஹில் நடுவில் விழுந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த ஸ்டேட் மேன் கடைசித் தடுப்பில் விழ, கோல்டன் ஏஸ் என்ற பெட்டை ஜெயித்தது. அதே கோல்டன் ஏஸ் 2024இல் மேர்ஸ் நாவிஸ் ஹர்டிலை ஜெயித்திருந்தது.

தரை

குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி என்று தரைக்குப் பெயர் வைப்பார்கள். அயர்லாந்தில் இடையே யீல்டிங் என்று ஒன்று. ஹெவி என்றால் நம்ம நாஞ்சில் நாட்டில் தொளி அடித்த வயலில் ஓடுவது போலத்தான்: காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். முழங்காலைத் தூக்கி வட்டமாக ஓடும் பெட்டைக்கு அது சரி. தரையை ஒட்டி நீளமாக எட்டு வைப்பதற்கு, குறிப்பாக ஃபிளாட்டிலிருந்து வந்த சின்ன உடம்புக்காரிக்கு, இரண்டு மைல் மூன்று மைல் ஆகிவிடும். ஹெவி தரையில் 15 லெங்த்தில் ஜெயித்தது என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மற்றவை நின்றுவிட்டன என்பதுதான் அதன் அர்த்தமாக இருக்கும்.

தரை ரேஸ் நாள் காலையில் மாறும். மழை பெய்தால் பிற்பகலிலும் மாறும். முதல் இரண்டு ரேஸின் நேரத்தை வழக்கமான நேரத்தோடு ஒப்பிட்டால் அறிவிப்பு சரியா என்று தெரிந்துவிடும்.

பெட்டையின் உடம்பு

ஃபில்லி, மேர்களைப் பற்றி டிரெய்னர்கள் சொல்வதில் பாதி வசந்தத்தைப் பற்றியதாக இருக்கும். காரணம் உண்டு. குதிரை பகல் நீளத்தைப் பார்த்து இனப்பெருக்கச் சுழற்சிக்கு வருவது. வட நாடுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான பெட்டைகளுக்குச் சுழற்சி ஓய்ந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் மறுபடி தொடங்கும். அப்போது ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை, 5 முதல் 7 நாள் பருவத்துக்கு வரும். குளிரில் மயிர் அடர்ந்து மந்தமாக இருந்தது வெயில் வந்ததும் பளபளத்து நன்றாக ஓடுவதும் உண்டு. பருவம் வந்த வாரத்தில் மனமில்லாமல் ஓடுவதும் உண்டு. இரண்டுமே குதிரைக்குக் குதிரை மாறும். எனவே 5 வயதுக்கு மேற்பட்ட மேர் என்றால் முந்தைய வருடங்களில் எந்த மாதத்தில் நன்றாக ஓடியது என்று பாருங்கள். 4 வயது ஃபில்லிக்கு அந்தப் பதிவு இராது. அங்கே பேடக்தான் கதி.

பேடக் என்பது ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்தும் வட்டம். டிவியிலும் காட்டுவார்கள். வாலைச் சுழற்றி அடித்துக்கொண்டே இருப்பது, வாலைத் தூக்கி நின்று நின்று சிறுநீர் விடுவது, அருகில் வரும் குதிரையைப் பார்த்துக் கிறீச்சிட்டு உதைக்கப் பார்ப்பது எல்லாம் பருவத்தின் அறிகுறி. பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரையாக வியர்த்திருந்தால் ரேஸுக்கு முன்பே சக்தி போகிறது. கழுத்தில் லேசான ஈரம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். தலையைத் தாழ்த்தி, காதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, பின்கால் முன்கால் தடத்தைத் தாண்டி விழும்படி நீளமாக நடப்பது நல்ல குறி. விலா எலும்பு லேசாகத் தெரிய, பின்தொடை திரண்டிருந்தால் ரேஸுக்குத் தயார். வயிறு உருண்டிருந்தால் இன்றைய ஓட்டம் அடுத்த ஓட்டத்துக்கான பயிற்சி.

உயரத்தை வைத்து ஏமாற வேண்டாம். சின்னப் பெட்டை ஹர்டிலில் நன்றாகவே ஓடும். சேஸ் வேலிக்குப் போகும்போதுதான் அளவு கணக்கில் வரும்.

இன்னொன்று. மூச்சுப் பாதையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் 2018 முதல் பிரிட்டன் கார்டில் டபிள்யூ.எஸ். என்று குறிக்கிறார்கள். முந்தைய ரேஸ்களில் நன்றாக வந்து கடைசித் தடுப்பில் சட்டென்று நின்றுபோன பெட்டைக்கு இந்தக் குறி புதிதாக வந்திருந்தால், பழைய தோல்விகளைப் பாதியாக மதியுங்கள்.

சொந்தக்காரர் என்ன நினைக்கிறார்

காயடித்த குதிரை ஜெயித்தால்தான் காசு. பெட்டைக்கு ரேஸுக்குப் பின்னும் ஒரு வாழ்க்கை இருக்கிறது: குட்டி போட வேண்டும். லிஸ்டட், கிரேடு என்ற உயர்தர ரேஸில் முதல் மூன்று இடத்தில் வந்துவிட்டால் விற்பனைப் பட்டியலில் அதன் பெயர் தடித்த எழுத்தில் அச்சாகும். அதன் குட்டிகளின் விலை ஏறும். அதனால் ஜெயிக்கவே முடியாத ரேஸில் மூன்றாவது இடத்துக்காக ஒரு பெட்டையை இறக்குவது சகஜம். அப்படிப்பட்டதைப் பின்னாலேயே வைத்திருந்து, களைத்து விழுபவற்றைக் கடைசியில் கடந்து வரச் சொல்லியிருப்பார்கள். ஜெயிக்கும் பந்தயத்துக்கு அது உதவாது, இடத்துக்கான பந்தயத்துக்கு உதவும்.

பிரிட்டனில் பிறந்த பெட்டைகளுக்கு 2020இல் தொடங்கிய கிரேட் பிரிட்டிஷ் போனஸ் திட்டத்தில், தகுதியான ரேஸை ஜெயித்தால் 20,000 பவுண்டு வரை கூடுதலாகக் கிடைக்கும். சின்ன மைதானத்தின் ரேஸ் பரிசைவிட இது பல மடங்கு பெரிது. எனவே அந்தத் தகுதியுள்ள ரேஸில் தகுதியுள்ள பெட்டையை இறக்கியிருந்தால், டிரெய்னர் அன்று பரீட்சித்துப் பார்க்க வரவில்லை.

டிரெய்னர் கணக்கில் செல்டென்ஹாம் ஒரு தனிப் பாடம். மேர்ஸ் நாவிஸ் ஹர்டில் அங்கே 2016இல் தொடங்கியது. முதல் ஐந்து வருடமும் ஐரிஷ் டிரெய்னர் வில்லி மல்லின்ஸின் குதிரைகளே ஜெயித்தன: லிமினி, லெட்ஸ் டான்ஸ், லாரினா, எக்லாண்டீன் டு சுவில், கான்செர்டிஸ்டா. இதில் 2019தான் பார்க்க வேண்டியது. ஜெயித்த எக்லாண்டீன் டு சுவில் 50/1, அதாவது 1 பவுண்டுக்கு 50 பவுண்டு லாபம். மயிரிழையில் இரண்டாவதாக வந்த கான்செர்டிஸ்டா 66/1. இரண்டும் அதே லாயம். பெரிய லாயத்திலிருந்து நான்கைந்து பெட்டைகள் வந்தால், லாயத்தின் முதல் ஜாக்கி ஏறியது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிவிடக் கூடாது. தோற்ற கான்செர்டிஸ்டா நாவிஸாகவே மீண்டும் வந்து 2020இல் எளிதாக ஜெயித்தது. 2021 முதல் இந்த ரேஸ் மற்ற லாயங்களுக்கும் போயிற்று. பழைய பட்டியலை மட்டும் நம்பி வைத்தவர்கள் தோற்றார்கள்.

விலை

இதுவரை பார்த்ததெல்லாம் குதிரையைப் பற்றி. நல்ல குதிரை என்பதும் நல்ல பந்தயம் என்பதும் வேறு.

விலையைச் சதவீதமாக மாற்றிக்கொள்ளுங்கள். 3/1 என்றால் 1ஐ 4ஆல் வகுக்க வேண்டும்: 25%. 6/4 என்றால் 4ஐ 10ஆல்: 40%. எட்டுக் குதிரை ரேஸில் விலைகள் 6/4, 3/1, 5/1, 8/1, 12/1, 20/1, 33/1, 66/1 என்று இருந்தால் சதவீதங்கள் 40, 25, 16.7, 11.1, 7.7, 4.8, 2.9, 1.5. கூட்டினால் 109.7. நூறுக்கு மேல் இருக்கும் 9.7 புக்மேக்கரின் பங்கு. விலைகளைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் சதவீதங்களை எழுதி, கூட்டினால் சரியாக 100 வரும்படி திருத்துங்கள். 3/1 விலையுள்ள பெட்டைக்கு நீங்கள் 32 கொடுத்திருந்தால் பந்தயம் உண்டு. 26 கொடுத்திருந்தால் விடுங்கள். அந்த ஒரு சதவீதம் உங்கள் கணிப்புப் பிழைக்குள் அடங்கிவிடும். நாவிஸ் ரேஸில் தகவல் குறைவு என்பதால் குறைந்தது 5 சதவீதப் புள்ளி வித்தியாசமாவது கேளுங்கள். பெரும்பாலான ரேஸ்களில் அது கிடைக்காது. அப்போது வெறுமே பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

ஈச்-வே பந்தயம் இரண்டு பந்தயம்: ஒன்று ஜெயிக்க, ஒன்று இடம் பிடிக்க. 2 பவுண்டு ஈச்-வே என்றால் 4 பவுண்டு போகிறது. ஹேண்டிகேப் அல்லாத ரேஸில் வழக்கமான விதி இது: 8 அல்லது அதற்கு மேல் ஓடினால் மூன்று இடம், விலையில் ஐந்தில் ஒரு பங்கு, 5 முதல் 7 வரை ஓடினால் இரண்டு இடம், நான்கில் ஒரு பங்கு, 4 அல்லது அதற்குக் கீழ் ஜெயிப்பது மட்டுமே. 5/1 பெட்டை மூன்றாவதாக வந்தால் இடப் பந்தயத்துக்கு 4 பவுண்டு திரும்பும். போட்டதும் 4, சரிக்குச் சரி. 3/1 பெட்டை மூன்றாவதாக வந்தால் 3.20தான் வரும், நஷ்டம். 5/1க்குக் கீழே ஈச்-வே போடுவதில் பயனில்லை.

எட்டு ஓடும் ரேஸில் ஒன்று விலகினால் ஏழு. மூன்றாவது இடத்துக்குக் காசு கிடையாது. குளிர்காலத்தில் தரை மாறியதும் விலகல் வரும். எட்டே எட்டு இருக்கும் ரேஸில் காலையில் ஈச்-வே போடாதீர்கள். விலகிய குதிரை குறைந்த விலையுள்ளதாக இருந்தால், ஜெயித்தாலும் உங்கள் லாபத்தில் ஒரு பங்கு நான்காம் விதியின்கீழ் வெட்டப்படும். செல்டென்ஹாமுக்கு ஜனவரியிலேயே போடும் ஆன்ட்டி-போஸ்ட் பந்தயத்தில் குதிரை ஓடாவிட்டால் பணம் போனது போனதுதான். ஓடாவிட்டால் திருப்பித் தரும் சலுகை அறிவித்தபின் போடுங்கள். பெரிய லாயத்துப் பெட்டைக்கு அந்த வாரத்தில் மூன்று ரேஸில் பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். எதில் ஓடும் என்று கடைசி இரண்டு நாளில்தான் தெரியும்.

வீட்டுச் செலவுக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் தொடர்பில்லாத ஒரு தொகையை சீசனுக்கென ஒதுக்கி, ஒரு பந்தயத்துக்கு அதில் 1% போதும். 200 பவுண்டு என்றால் 2 பவுண்டு. தோற்றதை மீட்க அளவைக் கூட்டினால், கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் தொகை தீரும். கை கட்டுப்படவில்லை என்றால் பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற இலவசப் பதிவு இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் அங்கே உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் பந்தயத் தளங்களும் உங்களைத் தடுத்துவிடும். குறைந்தபட்சம் ஆறு மாதம். நடுவில் மனம் மாறினாலும் எடுக்க முடியாது.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, மைதானம், சுற்றின் திசை, தரை, தூரம், பெட்டை வந்த வழி, நீங்கள் கொடுத்த சதவீதம், வாங்கிய விலை, ரேஸ் தொடங்கும்போது இருந்த எஸ்.பி. விலை. கடைசி இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். நீங்கள் 6/1 வாங்கியது தொடக்கத்தில் 4/1 ஆகியிருந்தால், அது தோற்றாலும் பார்வை சரி. உங்கள் 6/1 எல்லாம் 10/1 ஆகவே தொடங்குகின்றன என்றால், இரண்டு மூன்று ஜெயித்திருந்தாலும் மற்றவர்களுக்குத் தெரிந்த ஏதோ உங்களுக்குத் தெரியவில்லை. எந்த வழியாக வந்த பெட்டைகளில் அது நடக்கிறது என்று நோட்டிலேயே தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பம்பர் ஜெயித்தவையாக இருக்கும்.